ஒரு லீக்கை இன்னொன்றில் சேர்த்தபோது: டெக்சாஸ் பிரெய்ரி வியூ லீக்கின் 50 ஆண்டுகள்

1966 நவம்பர், அமெரிக்கர்கள் குடும்பத்தோடு கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை நாள். ஹூஸ்டன் நகரத்தின் ஜெப்பசன் ஸ்டேடியத்தில் ஜாக் யேட்ஸ் பள்ளியும் ஃபில்லிஸ் வீட்லி பள்ளியும் அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) ஆடின. 1927 முதல் நடந்து வந்த ஆட்டம் அது. இரண்டுமே கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகள். பள்ளி மாணவர்கள் ஆடும் ஓர் ஆட்டத்துக்கு 30,000 பேருக்கு மேல் கூடிய வருடங்கள் உண்டு. காலையில் ஊர்வலம், பேண்டு வாத்தியம், இரண்டு பள்ளிகளின் ராணிகள், புதுத் துணி போட்டுக்கொண்டு வரும் குடும்பங்கள் என்று அந்த நாளே ஒரு திருவிழாவாக இருந்தது. எந்த ஊருக்குப் பிழைக்கப் போயிருந்தாலும் அன்றைக்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்த பழைய மாணவர்கள் ஏராளம்.

அடுத்த வருடம் அந்த ஆட்டம் நடக்கவில்லை. இரண்டு பள்ளிகளும் புதிய லீக்கில் சேர்ந்திருந்தன. அந்த லீக்கில் தேங்க்ஸ்கிவிங் சமயம் பிளே-ஆஃப், அதாவது மாநிலப் பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்று ஆட்டங்களுக்கானது. வழக்கமான ஆட்டங்கள் அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். ஆக, 40 வருட வழக்கம் ஓர் அட்டவணையில் இடமில்லாமல் நின்றுபோனது.

இந்த ஆய்வை நான் எழுதக் காரணம் அந்த அட்டவணைதான். நிறவெறிச் சட்டங்கள் உடைந்தது நியாயம். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு பள்ளி லீக்குகள் ஒன்றானபோது அவற்றில் ஒன்று மட்டுமே தன்னை மாற்றிக்கொண்டது. விதிமுறை, காலண்டர், நடுவர்கள், பதிவேடு எல்லாம் ஒரு பக்கத்தினுடையதாகவே இருந்தன. அதனால் என்னென்ன போயிற்று, எங்கே போகாமல் தப்பியது என்று பார்க்க வேண்டும்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பள்ளி விளையாட்டை அந்தந்த மாநிலத்தில் ஒரு சங்கம் நடத்தும். மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிவுகளாக்கி, பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளை ஒரு குழுவாகச் சேர்த்து, அவை தங்களுக்குள் மோதி, வென்றவை மாநில அளவுக்குப் போகும். டெக்சாஸில் இந்தச் சங்கத்தின் பெயர் யுனிவர்சிட்டி இன்டர்ஸ்காலஸ்டிக் லீக், சுருக்கமாக யு.ஐ.எல். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் 1910-ல் சொற்போட்டிச் சங்கமாகத் தொடங்கி, 1913-ல் விளையாட்டையும் சேர்த்துக்கொண்டு இந்தப் பெயரைப் பெற்றது. அதன் உறுப்பினர் விதி, அரசுப் பள்ளிகளில் 'வெள்ளையர் பள்ளிகள்' மட்டும் சேரலாம் என்றது. எழுத்திலேயே அப்படித்தான் இருந்தது.

கதவு மூடியிருந்ததால் கறுப்பினப் பள்ளிகளுக்கென்று 1920-ல் ஒரு லீக் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அது பிரெய்ரி வியூ கல்லூரியின் பொறுப்புக்கு வந்தது. ஹூஸ்டனுக்கு வடமேற்கே, 1876-ல் கறுப்பின மாணவர்களுக்காக அரசு நிறுவிய கல்லூரி அது. பிற்காலத்தில் அந்த லீக்கை எல்லாரும் பிரெய்ரி வியூ இன்டர்ஸ்காலஸ்டிக் லீக் என்றார்கள். பி.வி.ஐ.எல். ஓட்டப் பந்தயம், பேச்சுப் போட்டி, இசை, தட்டச்சு என்று எல்லாவற்றுக்கும் மாநிலப் போட்டி வைத்தார்கள். ஃபுட்பாலில் மாநிலச் சாம்பியன் பட்டம் 1940-ல் ஆரம்பித்தது. உச்சத்தில் ஏறத்தாழ 500 பள்ளிகள் இதில் இருந்தன.

வசதி என்று பார்த்தால் மிகக் குறைவு. வெள்ளைப் பள்ளிகள் போட்டுக் கழித்த ஜெர்சிகளும் ஹெல்மெட்டுகளும் கறுப்பினப் பள்ளிகளுக்கு வந்து சேரும். பாடப் புத்தகங்களுக்கும் அதே கதை. ஊரில் இருப்பது ஒரு ஸ்டேடியம் என்றால் வெள்ளிக்கிழமை இரவு வெள்ளைப் பள்ளிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். டெக்சாஸில் வெள்ளி இரவு ஃபுட்பால் என்பது ஊரே கூடும் நிகழ்ச்சி. கறுப்பினப் பள்ளிகளுக்குக் கிடைத்தது புதன் அல்லது வியாழன். மறுநாள் வேலை, மறுநாள் பள்ளி. இருந்தும் புதன், வியாழன் இரவுகளில் கூட்டம் குறையவில்லை.

அந்த இரவுகளில் யார் ஆடினார்கள் என்று பார்த்தால்தான் இந்த லீக்கின் தரம் புரியும். ஆஸ்டின் ஆண்டர்சன் பள்ளியில் படித்த டிக் லேன், 'நைட் டிரெயின்' என்ற பட்டப்பெயரோடு தொழில்முறை ஃபுட்பாலுக்குப் போய், 1952-ல் தன் முதல் பருவத்திலேயே எதிரணியின் பந்து வீச்சை 14 முறை இடைமறித்துப் பிடித்தார். அந்தச் சாதனை இன்னும் அப்படியே இருக்கிறது. டெம்பிள் ஊரின் டன்பார் பள்ளியில் படித்த ஜோ கிரீன், லஃப்கின் டன்பாரின் கென் ஹூஸ்டன், கிராண்ட் பிரெய்ரி டால்வொர்த்தின் சார்லி டெய்லர், ஹூஸ்டன் வர்த்திங்கின் கிளிஃப் பிராஞ்ச் என்று தொழில்முறை ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் (சாதனையாளர்களின் கௌரவப் பட்டியலில்) இடம்பெற்ற இந்த லீக்கின் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேஸ்பாலில் எர்னி பேங்க்ஸ், டாலஸ் புக்கர் டி. வாஷிங்டன் பள்ளியின் பையன். 1972-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான பார்பரா ஜோர்டன் அதே வீட்லி பள்ளியில் சொற்பொழிவு பழகி 1952-ல் வெளியே வந்தவர். அவர் பெயரை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது: இந்தப் பள்ளிகளை விளையாட்டுக் கூடங்களாக மட்டும் நினைத்துவிடக் கூடாது.

பயிற்சியாளர்கள்

பியூமான்ட் நகரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். லூசியானா எல்லைக்கு அருகே, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் ஊர். அங்கே ஹெபர்ட், சார்ல்டன்-பொல்லார்ட் என்று இரண்டு கறுப்பினப் பள்ளிகள். ஊருக்குள்ளேயே கடும் போட்டி. ஹெபர்ட்டுக்கு கிளிஃப்டன் ஓசன் பயிற்சியாளர், சார்ல்டன்-பொல்லார்டுக்கு வில்லி ரே ஸ்மித். வில்லி ரே ஸ்மித்தின் பயிற்சியில் அவருடைய சொந்தப் பிள்ளைகளே ஆடினார்கள். அவர்களில் ஒருவர்தான் பப்பா ஸ்மித், 1967-ல் தொழில்முறை அணிகள் நாடு முழுவதிலிருந்தும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அதே வருடம் ஏழாவதாக எடுக்கப்பட்ட மெல் ஃபார், எதிர்ப் பள்ளியான ஹெபர்ட்டின் பையன். ஒரே ஊர், ஒரே லீக், ஒரே வருடம்.

பப்பா ஸ்மித்துக்குச் சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆட வேண்டும் என்றுதான் ஆசை. டெக்சாஸ் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி அப்போது கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. அவர் மிச்சிகனுக்குப் போனார். ஹெபர்ட்டின் ஜெர்ரி லிவையஸ் டாலஸில் உள்ள சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற பல்கலைக்கழக லீக்கில் ஸ்காலர்ஷிப் பெற்ற முதல் கறுப்பின ஃபுட்பால் வீரரானார். 1966-ல் களமிறங்கினார். அந்தப் பருவத்தில் அவருடைய அணிதான் கான்ஃபரன்ஸ் சாம்பியன்.

இத்தனை பேர் இரண்டு பள்ளிகளிலிருந்து எப்படி வந்தார்கள்? பணம் இல்லை, மைதானம் இல்லை. இருந்தது பயிற்சியாளர்கள். அந்தக் காலத்தில் நன்றாகப் படித்த கறுப்பின ஆணுக்கு டெக்சாஸில் திறந்திருந்த வேலைகள் மிகக் குறைவு. அதனால் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வேண்டியவர்களும், பெரிய கல்லூரி அணிகளை நடத்தியிருக்கக் கூடியவர்களும் பள்ளி ஆசிரியர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் இருந்தார்கள். அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தின் பலன் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கோச் என்பவர் வகுப்பெடுப்பார், பையன் வீட்டில் சாப்பாடு உண்டா என்று விசாரிப்பார், சர்ச்சில் பார்த்தால் மார்க் கேட்பார். கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுப்பதும் பல நேரம் அவர்தான்.

ஃபோர்ட் வொர்த்தில் ஐ. எம். டெரல் பள்ளிக்கு 1958-ல் ராபர்ட் ஹியூஸ் என்ற இளம் பயிற்சியாளர் வந்தார். கூடைப்பந்தில் 1963, 1965, 1967 என்று மூன்று முறை பி.வி.ஐ.எல். மாநிலப் பட்டம் வாங்கினார். (அதே டெரல் பள்ளியில்தான் ஜாஸ் இசைக்கலைஞர் ஆர்னெட் கோல்மன் படித்தார். நல்ல பேண்டு இருந்த பள்ளி.) ஹியூஸைப் பற்றிக் கடைசியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

'வெள்ளையர்' என்ற சொல் நீங்கியபோது

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தது. டெக்சாஸின் தெற்கிலும் மேற்கிலும் சில ஊர்கள் சீக்கிரமே பள்ளிகளைக் கலந்தன. கார்பஸ் கிறிஸ்டியின் மில்லர் பள்ளி 1960-லேயே இரு இனப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடிய அணியோடு யு.ஐ.எல். பட்டத்தை வென்றது. கிழக்கு டெக்சாஸும் பெரிய நகரங்களும் மட்டும் இழுத்தடித்தன. நிலைமையை மாற்றியது 1964-ன் குடிமை உரிமைச் சட்டமும், 1965-ல் பள்ளிகளுக்கு மத்திய அரசு கொடுக்க ஆரம்பித்த பெருந்தொகையும். பிரிவினை தொடர்ந்தால் பணம் வராது. அதே 1965-ல் யு.ஐ.எல். தன் விதியிலிருந்து 'வெள்ளையர்' என்ற சொல்லை நீக்கியது. 1967-68 கல்வியாண்டில் பெரிய கறுப்பினப் பள்ளிகள் யு.ஐ.எல்.-க்குள் வந்தன. மீதிப் பள்ளிகளோடு இன்னும் மூன்று வருடம் ஓடிய பி.வி.ஐ.எல். 1970-ல் மூடப்பட்டது.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்திருந்தால் அது முதல் வருடமே தீர்ந்தது. 1968-ல் யு.ஐ.எல். கூடைப்பந்தின் மிகப் பெரிய பிரிவில் மாநிலச் சாம்பியன் வீட்லி. 1969-லும் வீட்லி, 1970-லும் வீட்லி. உள்ளே விட்ட முதல் மூன்று வருடமும் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஹூஸ்டனின் ஐந்தாம் வார்டு என்ற கறுப்பினப் பேட்டையின் இந்தப் பள்ளி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வீட்லியும் யேட்ஸும் தப்பித்தன. ஹூஸ்டன் பெரிய நகரம், பேட்டைக்கு ஒரு பள்ளி உண்டு. லீக் மாறினாலும் யேட்ஸ் இருந்த மூன்றாம் வார்டு, வீட்லி இருந்த ஐந்தாம் வார்டு மக்கள் அங்கேயே இருந்தார்கள், பள்ளிக் கட்டடமும் இருந்தது. அவர்கள் இழந்தது தேங்க்ஸ்கிவிங் ஆட்டத்தை. சிறிய ஊர்களின் கணக்கு வேறு. ஊருக்கு ஒரு வெள்ளைப் பள்ளி, ஒரு கறுப்பினப் பள்ளி. இரண்டையும் ஒன்றாக்கு என்று உத்தரவு வந்தால் எதை மூடுவது? பள்ளி வாரியத்தில் இருந்தவர்கள் வெள்ளையர்கள். புதுக் கட்டடமும் பெரிய ஸ்டேடியமும் வெள்ளைப் பள்ளியிடம் இருந்தன, இத்தனை வருடமும் பணம் அங்கே போனதால். முடிவு ஊருக்கு ஊர் ஒன்றாகவே வந்தது: கறுப்பினப் பள்ளி மூடப்பட்டது, அல்லது நடுநிலைப் பள்ளியாக இறக்கப்பட்டது. 1970-ல் நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்டிஸ் டெக்சாஸ் முழுவதற்குமான உத்தரவைப் போட்ட பிறகு இணைப்பு இன்னும் வேகம் பிடித்தது. அந்த உத்தரவு தேவையானது. இணைப்புச் சுமையின் பெரும்பகுதி கறுப்பினப் பிள்ளைகள் தலையில் விழுந்ததும் உண்மை. அவர்கள்தான் பஸ் ஏறினார்கள், புதுப் பள்ளியின் சின்னத்தையும் பள்ளிப் பாட்டையும் ஏற்றுக்கொண்டார்கள்.

லஃப்கின் டன்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1964, 1966, 1967 என்று மூன்று மாநில ஃபுட்பால் பட்டங்கள் வாங்கிய பள்ளி. இணைப்பில் உயர்நிலைப் பள்ளியாக அது நீடிக்கவில்லை. அந்தப் பட்டங்களை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் எல்மர் ரெட் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு உதவிப் பயிற்சியாளராகப் போனார். அவருக்காவது பல்கலைக்கழகம் கிடைத்தது. பெரும்பாலான தலைமைப் பயிற்சியாளர்களுக்கு, பத்து வருடம், இருபது வருடம் ஓர் அணியை நடத்திய பிறகு, புதிய பள்ளியில் உதவியாளர் பதவி கிடைத்தது. சிலருக்கு அதுவும் இல்லாமல், விளையாட்டோடு சம்பந்தமே இல்லாத வேலை. தலைமையாசிரியராக இருந்தவர்கள் துணைத் தலைமையாசிரியர் ஆனார்கள். ஒரு லீக்கின் அறிவு முழுவதும் யாரிடம் இருந்ததோ அவர்களை ஓரமாக உட்கார வைத்ததுதான் இந்த இணைப்பின் மிகப் பெரிய தவறு என்று நினைக்கிறேன். பட்டங்களின் கோப்பைகளும் பதிவேடுகளும்கூடப் பல ஊர்களில் காணாமல் போயின. மூடிய பள்ளியின் அலமாரியை யார் காலி செய்தார்களோ அவர்களுக்கு அவை பழைய தகரம்.

ஆஸ்டினில் நடந்தது இன்னொரு விதம். கிழக்கு ஆஸ்டினின் ஆண்டர்சன் பள்ளியை, நிறப் பிரிவினையை நீக்கும் நீதிமன்ற உத்தரவின்படி 1971-ல் மூடினார்கள். 1973-ல் அதே ஆண்டர்சன் பெயரில் நகரின் வடமேற்கே ஒரு பள்ளி திறந்தது. பெயரை மட்டும் ஊரின் இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

வேறு விதமாக நடந்த ஓர் ஊர்

இப்படித்தான் நடந்திருக்க முடியும், வேறு வழியில்லை என்று யாராவது சொன்னால் பியூமான்ட்டுக்கே திரும்பிப் போய்க் காட்டலாம். யு.ஐ.எல்.-க்குள் வந்த பிறகும் ஹெபர்ட் பள்ளி தொடர்ந்து இயங்கியது. 1976-ல் 3ஏ பிரிவில் யு.ஐ.எல். மாநில ஃபுட்பால் பட்டத்தையும் வென்றது. பயிற்சியாளர் அலெக்ஸ் டர்லி. பிறகு 1982-ல் ஹெபர்ட்டையும், வெள்ளைப் பிள்ளைகள் படித்த ஃபாரஸ்ட் பார்க் பள்ளியையும் இணைத்தார்கள். இந்த முறை ஒன்றை மூடி இன்னொன்றில் தள்ளவில்லை. இரண்டு பெயரையும் எடுத்துவிட்டு வெஸ்ட் புரூக் என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஃபுட்பால் தலைமைப் பயிற்சியாளராக ஹெபர்ட்டின் டர்லியையே நியமித்தார்கள். சில மாதங்களுக்கு முன்புவரை எதிரெதிரே நின்ற பையன்கள் ஒரே ஜெர்சியில் ஆடினார்கள். அந்த முதல் பருவத்திலேயே வெஸ்ட் புரூக் 5ஏ, அதாவது மிகப் பெரிய பிரிவின் மாநிலச் சாம்பியன் ஆனது.

ஹெபர்ட் என்ற பெயர் போனதில் அந்தப் பேட்டைக்கு இருந்த வருத்தத்தை இந்தப் பட்டம் ஆற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெயர் போனது போனதுதான். ஆனால் 1967-70 இணைப்போடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. பெயரை விட்டுக்கொடுத்தது இரு தரப்பும். ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு, திறமையை நிரூபித்தவரிடம் போனது. அவர் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார் என்பது தடையாகவில்லை. இவ்வளவுதான் மாற்றம். இதைச் செய்யப் புதுச் சட்டமோ கூடுதல் பணமோ வேண்டியிருக்கவில்லை. பதினைந்து வருடம் முன்பே லஃப்கினிலும் டெம்பிளிலும் செய்திருக்கலாம்.

அட்டவணை விஷயமும் அப்படித்தான். யேட்ஸ்-வீட்லி ஆட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து, நாற்பது வருட வழக்கம் என்று பதிந்து, தேங்க்ஸ்கிவிங் அன்றே ஆட விட்டிருக்கலாம். அல்லது இரண்டு லீக்குகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து புதுக் காலண்டர் போட்டிருக்கலாம். உறுப்பினராகச் சேர்பவர் விதியை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது எந்தச் சங்கத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் இத்தனை வருடம் நிறத்தின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்ட ஏறத்தாழ 500 பள்ளிகளைப் புது உறுப்பினர் என்று மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு சரியாக வராது. அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு லீக் இருந்தது.

1985-ல் யேட்ஸ் மறுபடியும் மாநிலத்தின் கவனத்துக்கு வந்தது. லூதர் புக்கர் பயிற்சியில் 16 ஆட்டம், 16 வெற்றி. 5ஏ இறுதியாட்டத்தில் மேற்கு டெக்சாஸின் பேர்போன ஒடெசா பெர்மியன் அணியை 37-0 என்று வென்றது.

பழைய பி.வி.ஐ.எல். பயிற்சியாளர்கள் பிற்பாடு தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். மறந்துபோன சாம்பியன்களின் பட்டியலைத் தொகுப்பது, அவர்களை மேடைக்கு அழைத்துக் கௌரவிப்பது என்று வேலையைச் செய்தார்கள். பி.வி.ஐ.எல். சாம்பியன்களை யு.ஐ.எல்.-உம் காலம் கடந்து தன் பதிவில் அங்கீகரித்தது. பியூமான்ட்டில் 1997-ல் திறந்த ஒரு பள்ளிக்கு கிளிஃப்டன் ஓசன் பெயரை வைத்தார்கள். தென்கிழக்கு டெக்சாஸின் சிறந்த பள்ளி வீரர்களுக்குத் தரும் விருது வில்லி ரே ஸ்மித் பெயரில் இருக்கிறது.

ராபர்ட் ஹியூஸ் கதைக்கு வருகிறேன். டெரல் பள்ளி 1973-ல் மூடப்பட்டது. ஹியூஸ் அதே நகரத்தின் டன்பார் பள்ளிக்குப் போனார். உதவியாளராக ஒதுங்காமல் அங்கேயும் தலைமைப் பயிற்சியாளராகவே இருந்தார். 1993-லும் 2003-லும் யு.ஐ.எல். மாநிலப் பட்டம் வாங்கினார். 2005-ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,333 வெற்றிகள். நாட்டில் பள்ளிப் பையன்களின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் யாரும் அதுவரை அத்தனை வென்றதில்லை. 2017-ல் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த 1,333-ல் டெரல் பள்ளியில், பி.வி.ஐ.எல். நாட்களில் வென்றவையும் உண்டு. அவற்றைக் கழித்துவிட்டு யாரும் எண்ணுவதில்லை.